‘சிறுதொழில்’ என்னும் சொல்லாடல்: சிவகாசித் தீப்பெட்டியை முன்வைத்துச் சில குறிப்புகள்

தமிழில் ‘தொழில்’ என்பது ஒரு விநோதமான சொல். தொழிலாளியும் அதிலிருந்துதான் வருகிறார், தொழிலதிபரும் அதிலிருந்துதான் வருகிறார். ‘என்ன தொழில் பண்றீங்க?’ என்று கேட்டால் கல் உடைக்கிறவரும் பதில் சொல்லலாம், கல்குவாரி வைத்திருப்பவரும் பதில் சொல்லலாம். செய்பவரையும் செய்விப்பவரையும் ஒரே சொல்லுக்குள் அடைத்து வைத்திருக்கிற இந்த வசதியில்தான் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் ‘உழைப்பால் உயர்ந்தவர்’ வகை நூல்கள் பிழைக்கின்றன. உழைத்தது யார், உயர்ந்தது யார் என்ற இரண்டு கேள்விகளும் அங்கே ஒரே கேள்வியாகிவிடுகின்றன. அந்த வகையில் ‘முதலாளி’ கொஞ்சம் நேர்மையான சொல். முதலை ஆள்பவர். அந்த முதல் எங்கிருந்து வந்தது என்று கேட்க அது ஒரு சந்து விட்டுவைத்திருக்கிறது.

அந்தச் சந்தின் வழியாகத்தான் இங்கே நுழையப் பார்க்கிறேன். எடுத்துக்கொண்டிருப்பது சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்துக் கைத்தீப்பெட்டித் தொழில். ஒரு சிறுதொழிலை நடத்தி வளர்ப்பது எப்படி என்பதற்கு மேடைக்கு மேடை காட்டப்படும் உதாரணம் இது. காட்டிவிட்டு அடுத்த மூச்சில் ஒன்று சொல்வார்கள்: ‘அவங்க சர்க்காரை எதிர்பார்த்தாங்களா? சலுகை கேட்டாங்களா? அவங்களப் பாத்து நீங்களும் முன்னேற வேண்டியதுதானே?’ இந்த ‘நீங்கள்’ யார் என்று விளக்க வேண்டியதில்லை. இட ஒதுக்கீடு பற்றிப் பேச்சு எழும் ஒவ்வொரு முறையும் தலித்துகளை நோக்கி நீளும் விரல் இது. எனவே தீப்பெட்டியின் வரலாற்றைத் திறந்து பார்ப்பதென்பது வெறும் பொருளாதார வரலாற்று ஆர்வம் சம்பந்தப்பட்டதல்ல.

எல்லோருக்கும் தெரிந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1922இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் அவரது உறவினர் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறுகிறார்கள். அங்கே தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்றுக்கொண்டு திரும்பி, 1923இல் சொந்த ஊரில் தொழில் தொடங்குகிறார்கள். ஜெர்மனியிலிருந்து இயந்திரம் தருவிக்கிறார்கள். அது கட்டுபடியாகவில்லை. கையாலேயே செய்துவிடலாம் என்று இயந்திரத்தை ஓரங்கட்டுகிறார்கள். சில ஆண்டுகளில் இருவரும் பிரிந்து தனித்தனியே நடத்தத் தொடங்குகிறார்கள். ஒன்று அணில் மார்க், இன்னொன்று காக்கா மார்க். அப்புறம் பட்டாசு, அப்புறம் அச்சுத்தொழில், அப்புறம் ‘குட்டி ஜப்பான்’ என்ற பட்டம். நேரு கொடுத்ததாகச் சொல்வார்கள்.

இந்தக் கதையில் பொய் எதுவும் இல்லை. துணிச்சலும் நிஜம், கஷ்டமும் நிஜம். ஆனால் கதையை இரண்டு தனிமனிதர்களின் ரயில் பயணத்திலிருந்து தொடங்குவது என்ற தேர்வு இருக்கிறதே, அதில்தான் அரசியல் இருக்கிறது. அந்த ரயிலுக்கு முன்னால் என்ன இருந்தது, அந்த ஆண்டு ஏன் 1922ஆக இருந்தது என்ற இரண்டும் இதனால் கண்ணிலிருந்து மறைகின்றன.

இரண்டாவதை முதலில் பார்க்கலாம், அது சுருக்கமானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய அடுப்புகள் எரிந்தது ஸ்வீடன், ஜப்பான் தீக்குச்சிகளால். போருக்குப் பிந்தைய பணமுடையில் காலனிய அரசு இறக்குமதித் தீப்பெட்டிகள்மீது தீர்வையை ஏற்றியது. 1922இல் அது குரோசுக்கு ஒன்றரை ரூபாய் ஆனது (குரோஸ் என்றால் 144 பெட்டி. தீப்பெட்டிக்காரர்களின் வாயில் இன்றுவரை புழங்கும் அளவை). இந்தியத் தொழிலைக் காப்பாற்றுவது அரசின் நோக்கமல்ல, கஜானாவை நிரப்புவதுதான். ஆனாலும் தீர்வைச் சுவருக்கு உள்ளே இருந்தவர்களுக்கு அது குடையாக அமைந்துபோயிற்று. ஸ்வீடன்காரர்கள் இதைப் புரிந்துகொள்ளத் தாமதிக்கவில்லை. சுவருக்கு வெளியே நின்று புலம்புவதைவிட உள்ளே வந்துவிடலாம் என்று 1923இல் ‘வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி’யை, அதாவது நமக்குத் தெரிந்த விம்கோவைத் தொடங்கினார்கள். சிவகாசியும் விம்கோவும் ஒரே தீர்வை பெற்ற இரட்டைப் பிள்ளைகள். ஒருவரின் கதையைச் சுதேசிக் கதையாகவும் மற்றவரின் கதையை ஏகாதிபத்தியக் கதையாகவும் தனித்தனியே எழுதிப் பழகிவிட்டோம். ‘சர்க்காரை எதிர்பார்க்காத தொழில்’ என்பது முதல் வரியிலேயே அடிபட்டுப் போகிறது.

*

முதலாவது விஷயம் நீளமானது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், பாளையக்காரர்களின் காலம் முடிந்த பின், தெற்கே பனைக்காட்டிலிருந்து கருப்பட்டியும் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு வடக்கே வந்த வண்டிக்காரர்கள், அன்றைக்குச் சாணார் என்று இழித்துரைக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர்கள். வழியில் களவு, காவல் என்ற பெயரில் கப்பம், ஊருக்குள் தங்க இடம் கிடையாது. எனவே வண்டியையும் மாட்டையும் சரக்கையும் பாதுகாக்கச் சுற்றுச்சுவர் கட்டிய வளாகங்களை அமைத்துக்கொண்டார்கள். இவைதாம் பேட்டைகள். பேட்டைக்குக் கிணறு வேண்டும், காவலாள் வேண்டும், வழக்கு வந்தால் வக்கீல் வேண்டும். இதற்கெல்லாம் ஒவ்வொரு வியாபாரியும் தன் கொள்முதல், விற்பனையிலிருந்து ஒரு பங்கைப் பொதுவில் வைத்தார். அதன் பெயர் மகமை. வசூலிக்கவும் செலவழிக்கவும் முறைகாரர்கள். இவர்கள் எல்லோரையும் கட்டிவைத்த அமைப்பு உறவின்முறை. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் இது வேரூன்றியது. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியான தன் நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

மகமையை இன்றைய மேலாண்மைக் கல்லூரிக்காரர்கள் ‘சமூக மூலதனம்’ என்று அழைத்துச் சந்தோஷப்படுகிறார்கள். வேபரைத் துணைக்கழைத்துச் சிக்கனம், கட்டுப்பாடு என்று எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் வசதியாக மறந்துவிடுவது ஒன்றுதான்: மகமை பயத்திலிருந்து பிறந்தது. 1897இல் கமுதியில் கோயிலுக்குள் நுழைந்ததற்காக வழக்கு. அது லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1908இல் தோற்றது. இடையில் 1899 ஜூனில் சிவகாசி சூறையாடப்பட்டது. கோயில் நுழைவைக் கோரியவர்களின் ஊரைச் சுற்றி வளைத்துக் கொளுத்தினார்கள். பூமணியின் ‘அஞ்ஞாடி’ (2012) இந்தக் காலத்தைப் பெரும் பரப்பில் நாவலாக்கியிருக்கிறது. கடையை உடைத்தால் மறுநாள் மீண்டும் திறக்க வேண்டும், கைதானவர்களுக்கு ஜாமீன் எடுக்க வேண்டும், அதற்குப் பணம் வேண்டும், அந்தப் பணத்தை எந்த வங்கியும் தராது. மகமை நிதி என்பது இத்தகைய நாட்களுக்கானது. தூத்துக்குடியில் 1921இல் நாடார் வங்கி தொடங்கப்பட்டபோது (1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது) இந்தப் பழக்கத்திற்கு ஒரு சட்ட உருவம் கிடைத்தது, அவ்வளவுதான்.

விருதுநகரில் 1885இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையும் இந்தப் பொதுப்பணத்தில் வளர்ந்ததுதான். வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்து நடத்திய பள்ளி. காமராஜர் படித்தது அங்கே. சமையலுக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனியே போடும் கை பெண்ணின் கை என்பதை யாரும் எழுதுவதில்லை. ‘சமூகம்’ பள்ளிக்கூடம் கட்டியது என்று எழுதிவிடுகிறோம்.

1922இல் கல்கத்தா ரயிலில் ஏறியவர்களுடன் கண்ணுக்குத் தெரியாமல் இத்தனையும் ஏறின என்பதே நான் சொல்ல வருவது. நூறாண்டு வண்டி வாணிபம், ஊர் ஊராகக் கடை வைத்திருக்கும் உறவினர்கள், விழுந்தால் தாங்கிப் பிடிக்கும் நிதி, வழக்காடிப் பழகிய அமைப்பு. ஊர் ஊராகக் கடை என்பது லேசான விஷயமல்ல. தீப்பெட்டியைச் செய்வதைவிட அதைக் கடைவரை கொண்டுபோவதுதான் பெரிய வேலை. விம்கோ ஏஜென்டுகளை நியமிக்க வேண்டியிருந்தது. இங்கே மாமன் கடை, மச்சான் கடை என்று ஏற்கனவே விரிந்து கிடந்தது.

இதைச் சொன்னால் இரண்டு பக்கமும் கோபம் வரும் என்று தெரியும். சாதிச் சங்க மலர்களில் எழுதுகிறவர்களுக்கு, எங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்கிறான் என்று தோன்றும். சாதி மூலதனம் என்ற ஒற்றைச் சொல்லோடு கடையைச் சாத்திவிடும் நம் இடதுசாரி நண்பர்களுக்கோ, கொளுத்தப்பட்ட ஊரைப் பற்றிப் பேசி முதலாளிக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று தோன்றும். ஒடுக்கப்பட்ட ஒரு சாதி தன்னைக் காத்துக்கொள்ளக் கட்டிய சுவர், அடுத்த தலைமுறையில் இன்னொருவரை வெளியே நிறுத்தும் சுவராகவும் வேலை செய்ய முடியும். இரண்டும் ஒரே செங்கல்தான். இதில் எனக்கு முரண்பாடு எதுவும் தெரியவில்லை. தலித் இளைஞனைப் பார்த்து ‘நீயும் முன்னேற வேண்டியதுதானே’ என்பவர் முதலில் அவனுக்கு ஒரு பேட்டையைக் காட்டட்டும். ஊரின் கடைத்தெருவில் அவன் கடை போட்டால் யார் வந்து வாங்குவார்கள் என்பதையும் சொல்லட்டும்.

*

இனி ‘சிறு’ என்ற அடைமொழிக்கு வருவோம்.

பாடநூல்களின் வளர்ச்சி வரலாறு எப்போதும் கையிலிருந்து இயந்திரத்துக்குப் போகும். குடிசை, பட்டறை, ஆலை என்று படிக்கட்டு. சிவகாசியில் படிக்கட்டைத் தலைகீழாக இறங்கியிருக்கிறார்கள். ஜெர்மன் இயந்திரம் வந்து, பின்பு அது போய், கை வந்தது. காரணம் எளியது. மானாவாரிக் கரிசலில் மழை தவறினால் ஊரே சும்மா உட்கார்ந்திருக்கும். அந்தக் கைகள் இயந்திரத்தைவிட மலிவு. குச்சி காயவும் மருந்து காயவும் வேண்டிய வெயிலைக் காசில்லாமல் கொடுத்தது அதே மழையின்மைதான். வறட்சி இத்தொழிலுக்கு ஒரு மூலப்பொருள் என்றே சொல்லலாம்.

அத்தோடு முடியவில்லை. 1934இல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தது. பின்னர், பெரிய ஆலையோடு சிறியவர்கள் போட்டிபோட முடியாது என்ற நியாயத்தின் பேரில், உற்பத்தி அளவை வைத்துத் தொழிற்கூடங்களை ஏ, பி, சி, டி என்று பிரித்து, கீழே போகப் போக வரியைக் குறைத்தார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் ஒரு தொழில் நடத்துகிறவர் இடத்தில் நின்று இதைப் பாருங்கள். உங்கள் உற்பத்தி கோட்டைத் தாண்டினால் அடுத்த வகுப்பின் வரி. தாண்டாமல் இருக்க என்ன வழி? இன்னொரு ஆபீஸ். மகன் பெயரில் ஒன்று, மருமகன் பெயரில் ஒன்று, கணக்கெழுதும் நம்பிக்கையான ஆள் பெயரில் ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரே குடோன், ஒரே மார்க். இப்படித் துண்டாடிக் காட்டி வரியைத் தவிர்ப்பது அரசு அறிக்கைகளே பேசிய விஷயம். ஆக இங்கே வளர்வது என்றால் பிரிவது. சிறியது பெரிதாவதற்கான இடைநிலை அல்ல ‘சிறுதொழில்’. பெரிய முதல் சிறியதாகத் தோற்றம் கொள்ளும் வடிவம்.

பிரிவதற்கு ஏற்ற கருவியாகக் குடும்பமும் சாதியும் தயாராக இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். பாகப்பிரிவினை வழக்கமாகச் சொத்தை அழிக்கும். நம் நாவல்களில் பாதி அதைப் பற்றித்தான். இங்கேயோ அது சொத்தை வளர்த்தது. அணிலும் காக்காவும் பிரிந்ததைத் தொடக்கமாகக் கொண்டு, கல்யாணங்கள் வழியாகவும் தனிக்குடித்தனங்கள் வழியாகவும் ஆபீஸ்கள் பெருகின. பக்கவாட்டிலும் இதே கதைதான். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், அதற்கு அச்சகம். அச்சகம் சும்மா இருக்கக் கூடாது, அதற்குக் காலண்டர். மருந்து கையில் இருக்கிறது, இரண்டாம் உலகப்போரில் வெளிநாட்டுப் பட்டாசு நின்றது, அதற்குப் பட்டாசு. ஒரே தொழிலில் பத்து மடங்காவதைவிடப் பத்துத் தொழிலில் ஒரு மடங்காய் நிற்பது. (லேபிள்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். சாமி படம், நடிகை படம், விலங்கு படம் எல்லாவற்றையும் ஒரே அந்தஸ்தில் வைத்த ஒரே ஜனநாயகத் தமிழ்ப் பிரதி தீப்பெட்டி லேபிள்தான் என்று ஒரு நண்பர் சொல்வார். சரி, அது இன்னொரு கட்டுரை.)

சிறியதாக இருப்பதில் வரியைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நடப்பில் இருந்தவரை, மின்சாரம் இல்லாத இடத்தில் 20 பேர் வேலை செய்தால்தான் அது ‘தொழிற்சாலை’யாகக் கருதப்பட்டது. 19 பேரென்றால் சட்டத்தின் கண்ணுக்கு அது ஒரு கொட்டகையாகத்தான் இருந்தது. ஆய்வாளர் வரத் தேவையிருக்கவில்லை, வருகைப் பதிவேடும் தேவைப்படவில்லை. கொட்டகைக்கும் கீழே வீடு. பெட்டி ஒட்டுகிற வேலை பெரும்பாலும் வீடுகளில்தான் நடந்தது.

எங்கள் பக்கத்தில் யாரும் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று சொல்லமாட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸ். ‘அவ ஆபீசுக்குப் போயிருக்கா’ என்றால் பத்து வயதுப் பெண் கட்டை அடுக்கப் போயிருக்கிறாள் என்று அர்த்தம். சட்டகத்தின் பள்ளங்களில் ஒவ்வொரு குச்சியாக வைத்து வரிசைக்கு மேல் வரிசையாக அடுக்க வேண்டும். அதைத்தான் அப்புறம் மருந்தில் முக்குவார்கள். என் அத்தை வீட்டில் பெட்டி ஒட்டினார்கள். திண்ணையில் மைதாப் பசைச் சட்டி, சுற்றி நாலைந்து பேர், முற்றம் முழுக்கக் காய்கிற பெட்டிகள். நடக்க வழி இருக்காது. விளையாட வருகிற பிள்ளைகளும் உட்கார்ந்து ஒட்டத் தொடங்கிவிடுவார்கள், யாரும் சொல்ல வேண்டியதில்லை. கூலி குரோஸ் கணக்கில். வாங்க வருகிற ஏஜென்ட் எண்ணிப் பார்த்து, கோணல் என்றும் கிழிசல் என்றும் கொஞ்சத்தை ஒதுக்குவார். ஒதுக்கியதற்குக் கூலி இல்லை. ஆனால் அவற்றை அவர் விட்டுவிட்டுப் போனதாக எனக்கு நினைவில்லை. அத்தையிடம் போன வருடம் கேட்டேன், ‘நீங்க தொழிலாளிதானே அத்தை?’ ‘போடா, நா எங்க வேலைக்குப் போனேன், வீட்டுல சும்மாதான இருந்தேன்’ என்றார். முப்பது வருடம் சும்மா இருந்திருக்கிறார்.

இந்தச் ‘சும்மா’வின் கணக்கை எங்கே தேடுவது? எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் வழங்கிய தீர்ப்பில் ஒரு புள்ளிவிவரம் இருக்கிறது. 1985 டிசம்பர் 31 அன்று சிவகாசிப் பகுதியில் பதிவுபெற்ற தீப்பெட்டித் தொழிற்சாலைகள் 221. தொழிலாளர் 27,338 பேர். அதில் குழந்தைகள் 2,941. அதே எண்பதுகளில் சிவகாசி வட்டாரத்துக் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வாளர்களும் பத்திரிகைகளும் திரும்பத் திரும்பச் சொன்ன எண் 45,000. எது சரி என்று அப்போது பெரிய சண்டை. முதலாளிகள் சங்கம் 45,000ஐ வெளிநாட்டுச் சதி என்றது. என் பார்வையில் இரண்டு எண்ணும் இரண்டு வேறு பொருட்களை எண்ணுகின்றன. 2,941 என்பது பதிவேட்டுக்குள் இருப்பது. மீதி, ‘சிறு’ என்ற சொல்லுக்குள் இருப்பது. கொட்டகையிலும் திண்ணையிலும் இருப்பது. பூக்கோ எண்ணுவதன் அதிகாரத்தைப் பற்றிப் பேசுகிறார். எண்ணாமல் விடுவதன் அதிகாரத்தை நம் கரிசல் காட்டில்தான் படிக்க வேண்டும்.

1976இல் விடிகாலையில் பிள்ளைகளை ஏற்றிவந்த பேருந்து ஒன்று விபத்துக்குள்ளாகிக் குழந்தைகள் இறந்த பிறகுதான் தமிழக அரசு ஹர்பன்ஸ் சிங் தலைமையில் ஒரு குழு அமைத்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. தீப்பெட்டி, வெடிமருந்து வேலைகளில் 14 வயதுக்குக் கீழே கூடாது என்றது. கூடவே ஒரு விலக்கும் வைத்தது: குடும்பத்தினர் உதவியோடு வீட்டில் நடத்தும் தொழிலுக்கு இது பொருந்தாது. அதாவது ஆபீஸில் செய்தால் குற்றம், திண்ணையில் செய்தால் பாசம். சட்டம் வந்தபின் வேலை ஆபீஸிலிருந்து வீடுகளுக்கு மேலும் நகர்ந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1996 தீர்ப்பு, சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. முதலாளி யார் என்று தெரிந்தால்தானே கட்டச் சொல்ல முடியும்? அத்தையின் திண்ணைக்கு யார் முதலாளி? ஏஜென்டா, ஏஜென்டுக்குக் கொடுத்த ஆபீஸா, ஆபீஸின் சரக்கை வாங்கித் தன் மார்க்கை ஒட்டி விற்றவரா? துண்டாடுதல் வரிக்கு மட்டும் உதவவில்லை.

சலம் பென்னுர்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ (1990) ஆவணப்படமும் பூமணி இயக்கிய ‘கருவேலம்பூக்கள்’ படமும் இந்த உலகத்தைக் காட்டின. இரண்டிலும் பிள்ளைகளின் முகம் மனதில் நிற்கிறது. கணக்குப் புத்தகம் நிற்கவில்லை. கருணையை எழுப்புவது சுலபமாகவும் கணக்கைப் பிரிப்பது கடினமாகவும் இருக்கும் ஊடகம் சினிமா. நம் சிறுகதைகளுக்கும் இதே சங்கடம்தான். வறுமையை எழுதிய அளவுக்கு நாம் விலையை எழுதவில்லை.

விலை என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2007இல் தீப்பெட்டி விலை ஐம்பது பைசாவிலிருந்து ஒரு ரூபாயானது. அடுத்து இரண்டு ரூபாயானது 2021 டிசம்பரில். நடுவில் 14 வருடம். மெழுகு, குளோரேட், சிவப்புப் பாஸ்பரஸ், அட்டை எல்லாம் ஏறிக்கொண்டே இருக்க, பெட்டி மட்டும் ஒரு ரூபாயிலேயே நின்றது. ஒண்ணேகால் ரூபாய்க்கு விற்க முடியாது, கால் ரூபாய்க் காசு புழக்கத்தில் இல்லை. ஒரு நாணயத்திலிருந்து அடுத்த நாணயத்துக்குத்தான் தாவ முடியும். இது சின்னப் பண்டம் செய்கிற எல்லோருக்கும் உள்ள சிக்கல்: மிட்டாய்க்காரர், ஊதுபத்திக்காரர், அப்பளக்காரர். விலையை ஏற்ற முடியாதவர் என்ன செய்வார்? குச்சியின் எண்ணிக்கையில் கை வைப்பார், அப்புறம் கூலியில் கை வைப்பார். சின்ன ஆபீஸ்காரர்கள் பலர் இந்த 14 வருடத்தில் ஷட்டரை இழுத்து மூடியதைப் பார்த்திருக்கிறேன். அவர்களை வில்லன்களாக எழுத எனக்கு மனம் வரவில்லை. பண்டலுக்குச் சில ரூபாய் மிஞ்சினால் பெரிது என்ற நிலையில் இருந்தவர்கள் அவர்கள். கடன் வாங்கித் தொழில் நடத்தி, கடைசியில் வேறொரு பெரிய மார்க்குக்குக் கூலிக்குச் செய்து கொடுப்பவர்களாக ஆனவர்கள். அந்தப் பெரிய மார்க் எப்போதும் ஊர்க்காரருடையது என்றும் இல்லை. ஐடிசி 2000களின் தொடக்கத்தில் இங்குள்ள சிறு ஆபீஸ்களிடம் செய்து வாங்கித் தன் மார்க்கில் விற்கத் தொடங்கியது. 2005இல் விம்கோவையே வாங்கிவிட்டது. யாருக்கு எதிராகச் சிறுதொழிலைக் காப்பாற்ற வரி அடுக்கு போட்டார்களோ அந்தக் கம்பெனியும், அந்தச் சிறுதொழிலின் ஒரு பகுதியும், கடைசியில் ஒரே கல்லாவில் போய்ச் சேர்ந்தன.

இதற்குள் இயந்திரம் திரும்பி வந்துவிட்டது. உற்பத்தி அளவை வைத்துப் போட்ட ஏ, பி, சி, டி போய், இயந்திரமா கையா என்பதே வரியின் கேள்வியாக மாறியிருந்தது. எந்தக் கட்டம்வரை இயந்திரம் பயன்படுத்தினால் அது ‘கைத்தொழில்’ என்பது பற்றி அதிகாரிகளும் முதலாளிகளும் வருடக்கணக்கில் வாதாடினார்கள். ஜிஎஸ்டி 2017இல் வந்தபோதும் கைத்தீப்பெட்டிக்கு 5 சதவீதம், இயந்திரத் தீப்பெட்டிக்கு 18 சதவீதம். 2020 ஏப்ரலில் இரண்டையும் ஒன்றாக்கி 12 சதவீதம் என்றார்கள். கலால் காலத்திலிருந்து தொடர்ந்துவந்த கை, இயந்திரம் என்ற வேறுபாடு அன்றைக்கு வரிச் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. கையை ஏட்டில் காப்பாற்றிவந்தது வரிதான் என்பதால், வரி போனபின் கைக்கு நிற்க இடமில்லை. கட்டை அடுக்குகிற வேலையை இயந்திரம் செய்கிறது. பெட்டியும் மரத்தகட்டிலிருந்து அட்டைக்கு மாறி, இயந்திரத்தில் மடிந்து ஒட்டி வருகிறது. குழந்தைகள் வேலையிலிருந்து விலகியதில் பள்ளிக்கூடத்துக்கும் சத்துணவுக்கும் சட்டத்துக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர்களோடு அவர்களுடைய அம்மாக்களும் விலக்கப்பட்டதை எந்த அறிக்கையும் சாதனையாகவோ இழப்பாகவோ எண்ணவில்லை. ஏற்கனவே எண்ணப்படாதவர்கள் போனால் எண்ணிக்கை குறையாது அல்லவா.

பட்டாசைப் பற்றி இங்கே பேசவில்லை. அங்கும் ‘சிறு’ வேலை செய்கிறது, ஆனால் உயிரை வாங்கும் விதத்தில். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளை உள்குத்தகைக்கு விட்டு வேலை வாங்குவது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் இறந்தபோது இந்த உள்குத்தகைதான் பேசப்பட்டது. அதன் பிறகும் ஒவ்வொரு விபத்திலும் பேசப்படுகிறது.

தீப்பெட்டிக்காரர்களின் கடைசிப் போராட்டம் சீன லைட்டருக்கு எதிராக நடந்தது. பிளாஸ்டிக் லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டிகளுக்குச் சமம் என்று சங்கங்கள் டெல்லிவரை போய் மனுக் கொடுத்தன. 2023 ஜூன் இறுதியில், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை விதித்தது. 1922இல் குரோசுக்கு ஒன்றரை ரூபாய், 2023இல் லைட்டருக்கு 20 ரூபாய். சர்க்காரிடம் கேட்டார்கள், சர்க்கார் கொடுத்தது. கேட்டதில் தப்பொன்றும் இல்லை, தொழில் நடத்துகிறவர்கள் கேட்கத்தான் வேண்டும். அந்த மனுக்களில் லட்சக்கணக்கான பெண் தொழிலாளர்களின் வாழ்வாதாரம் என்ற வாக்கியம் தவறாமல் வருகிறது. பதிவேட்டில் இடம் பெறாதவர்கள் மனுவில் இடம் பெறுகிறார்கள். அத்தையிடம் இதை வாசித்துக் காட்டினேன். ‘யாரு, எங்களையா சொல்றாங்க?’ என்று கேட்டுவிட்டு, நூறு நாள் வேலை அட்டையைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.